என்னைப் போகச் சொன்னார்கள்

1

என் நண்பன் வசீலை ராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இங்கே உக்ரைனில் நினைவு நாட்களுக்குக் குறைவில்லை. போர் தொடங்கிய நாள், எங்கள் நகரத்தில் முதல் ஏவுகணை விழுந்த நாள், தெருவில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை இறந்த நாள் என்று காலண்டரில் வெறும் கட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வசீலின் நாளை யாரும் நினைவு வைத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் நான் எழுதிவைக்கிறேன். திருவாரூர்ப் பக்கம் என்னை அறிந்தவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். போன தை மாதம் எனக்குச் சால்வை போர்த்தியவர்களும் படிப்பார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நகரத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அன்று சனிக்கிழமை. சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு நானும் வசீலும் டிராம் நிறுத்தத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு பை. மருந்துக்கடை ஓரமாக ஒரு சாம்பல் நிற வேன் நின்றது. அதன் பக்கத்தில் இரண்டு ராணுவத்தினரும் ஒரு போலீஸ்காரரும் நின்றார்கள். ஆண்களை நிறுத்தி ஆவணம் கேட்கிறார்கள் என்பது தூரத்திலேயே தெரிந்தது. வேறு தெருவில் திரும்பிப் போயிருக்கலாம். வசீல் திரும்பவில்லை. அவன் திரும்பாததால் நானும் திரும்பவில்லை.

என் அட்டையை வாங்கிப் பார்த்த ராணுவ இளைஞனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவன் என்று அந்த அட்டை சொல்கிறது. இந்த நாட்டில் யாருக்கும் தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. எனவே எனக்கும் ஒரு காலத்தில் யாரோ ஒரு எழுத்தர் ‘செல்வம் கோவிந்தனோவிச்’ என்று பெயர் வைத்துவிட்டார். இளைஞன் அதைத் தடுமாறாமல் மரியாதையாக வாசித்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

“நீங்கள் போகலாம்.”

அடுத்தது வசீல். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கே அறுபது வயது வரைக்கும் படைக்கு அழைப்பு உண்டு. அவன் பெயரைக் கைபேசியில் தேடினார்கள். படைப்பதிவைப் புதுப்பிக்கவில்லை என்று வந்தது. ஏன் என்று கேட்டார்கள். தான் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றும், தன் வேதம் அதை அனுமதிக்கவில்லை என்றும், இதை எந்த அலுவலகத்துக்கு வந்தும் சொல்லத் தயார் என்றும் வசீல் சொன்னான். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போன்ற குரல். யாரும் அவனை அடிக்கவில்லை, தள்ளவில்லை. சரி, வந்து சொல்லுங்கள் என்று வேன் கதவைத் திறந்தார்கள்.

ஏறுவதற்கு முன்னால் பையை என்னிடம் கொடுத்தான். ஹன்னாவிடம் கொடுத்துவிடு, பயப்பட வேண்டாம் என்று சொல் என்றான். ஹன்னா அவன் மனைவி. கதவு மூடிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். விரல் இல்லாத அந்த இளைஞன் என்னைப் பார்த்தான். அவனுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை.

“உங்களைத்தான் போகலாம் என்றேனே, ஐயா.”

போனேன். இரண்டு கைகளிலும் உருளைக்கிழங்குப் பைகளோடு நடந்தபோது என் கால்கள் லேசாக இருந்தன. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. அந்த வேனில் நான் இல்லை என்பதில் என் கால்களுக்குச் சந்தோஷம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒக்சானா கைவேலையை நிறுத்தினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமாக இருக்கிறது என்றேன். அவள் உருளைக்கிழங்குப் பைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, “வெட்கப்பட்டு முடித்ததும் ஹன்னா வீட்டுக்குப் போய்ச் சொல். அவளுக்கு இன்னும் தெரியாது” என்றாள்.

2

வசீல் தச்சன். ஜன்னல் சட்டம் செய்வதுதான் அவனுடைய தொழில். நான் நகரக் குடிநீர் நிலையத்தில் மோட்டார் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஊரில் போர் என்றால் வைக்கோல்போர், அதை விட்டால் போர்செட்டு. ஊரில் போர்செட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பழகிய கைதான் இங்கே எனக்குச் சோறு போடுகிறது. மூன்றாவது போர் ஒன்று வரும் என்று நினைத்ததில்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது உடைந்த ஜன்னல்கள். முதல் குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் ஏவுகணை விழுந்தபோது மூன்று கட்டடங்களில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. உறையும் குளிர். வசீல் வண்டி நிறையப் பலகை ஏற்றிக்கொண்டு வந்து ஜன்னல் ஜன்னலாக அடைக்க ஆரம்பித்தான். பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தெருவில் நின்று கூப்பிட்டான். நான் போனேன். அன்று மதியம் தேநீர் குடிக்கும்போது, நீ ஏன் ஊருக்கு ஓடவில்லை என்று கேட்டான். நீ ஏன் படையில் சேரவில்லை என்று நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவன் ஒரு சிறிய ஜெபவீட்டைச் சேர்ந்தவன். அவன் தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் துப்பாக்கி தொடுவதில்லை. எனக்கும் கொலை எந்தப் பெயரில் வந்தாலும் ஒப்பாது என்றேன். அப்படியானால் நாம் இரண்டு பேர் என்றான்.

அதற்குப் பிறகு விடுமுறை நாட்களெல்லாம் பலகையோடுதான். மின்சாரம் போய்ப் போய் வரும். சைரன் ஊதும். ஊதினால் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வோம். அவன் குறைவாகப் பேசுவான். என்னுடைய மொழித் தவறுகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள் அவன்.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இங்கே மாணவனாக வந்தபோது இது சோவியத் நாடு. எனக்குக் கற்றுக்கொடுத்தது ரஷ்ய மொழி. ரஷ்ய மொழியில்தான் ஒக்சானாவிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அதில்தான் மகளைத் தூங்க வைத்தேன். போர் வந்த பிறகு ஒரு காலையில் மகள் மலர், இனிமேல் இந்த வீட்டில் அந்த மொழி வேண்டாம் என்றாள். அவளும் அம்மாவும் உக்ரைன் மொழிக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சட்டை மாற்றுவதுபோல. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் நாக்கு திரும்ப மறுத்தது. ரொட்டிக் கடையில் அவசரத்தில் ரஷ்ய மொழியில் நன்றி சொல்லிவிடுவேன். கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் தம்பி காணாமல்போன பட்டியலில் இருக்கிறான். சில்லறையை என் கையில் வைக்காமல் மேஜையில் வைப்பாள்.

மலர் இரண்டாவது குளிர்காலத்தில் படையில் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வரைபடக் கலை படித்தவள். டிரோன் இயக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். கிளம்பும்போது கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் இயக்கும் டிரோன் வேவு பார்ப்பதா, குண்டு போடுவதா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. வாரம் ஒருமுறை பேசுவாள். சாப்பிட்டாயா, குளிருக்குக் காலுறை இருக்கிறதா என்று கேட்பேன். தமிழில் அவளுக்குத் தெரிந்தவை சில சொற்கள்தாம். ‘போதும்’ என்பது அவற்றில் ஒன்று. பேச்சை முடிக்க அதைச் சொல்வாள்.

3

எனக்கு இந்தக் கொள்கை எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஊரில் இதை அறிந்தவர்கள் அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா ஒரு மிராசுதாரின் நிலத்தில் கூலி வேலை செய்தார். அறுவடைக் கூலி நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டதற்காக, மிராசுதாரின் காரியக்காரர் களத்தில் எல்லோரும் பார்க்க அப்பாவை அடித்தார். காரியக்காரர் என்றால் நிலத்து வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். அன்று சாயங்காலம் வாய்க்கால் மதகருகே என் அண்ணன் அவரை அரிவாளால் வெட்டினான். அவர் மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அண்ணனுக்கு வயது இருபத்தொன்று.

அந்தக் காரியக்காரரின் மகள் என் வகுப்பில் படித்தாள். நாங்கள் எட்டாம் வகுப்பு. சில வாரங்கள் கழித்து அவளும் அவள் அம்மாவும் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். திருப்பனந்தாளில் மாமா வீட்டோடு இருக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அம்மா தலைமை ஆசிரியர் அறைக்குள் இருந்தார். அவள் வெளியே தாழ்வாரத்தில் நின்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவன் அவளுக்கு எதிரே வந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நகர்ந்து எனக்கு வழி விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் செய்தது நியாயம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். இன்றைக்கும் அது நியாயம் இல்லை என்று என்னால் வாதாட முடியாது. ஆனால் அந்தப் பெண் ஒதுங்கி நின்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதுதான் என் கொள்கை.

பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்கள் முயற்சி செய்து எனக்குச் சோவியத்தில் படிக்க இடம் வாங்கிக்கொடுத்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை விமானம் ஏறினேன். அப்பாவை ‘டேய்’ என்று மட்டுமே கூப்பிட்ட உலகத்திலிருந்து கிளம்பி, அவர் பெயரை ஒவ்வொரு அதிகாரியும் முழுதாகச் சொல்லும் நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்த நாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதுவும் இந்த வெட்கத்தில் சேர்த்தி.

4

வசீலைக் கொண்டுபோன அடுத்த திங்கட்கிழமை ஹன்னாவோடு நானும் படைச் சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். வாசலிலேயே பெரிய வரிசை. உள்ளே ஒரு அதிகாரியிடம் எங்களை அனுப்பினார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தூங்காத மனிதர். ஹன்னா ஜெபவீட்டின் சான்றிதழைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, போர்க்காலத்தில் மாற்றுச் சேவைக்கு இடமில்லை என்று விளக்கினார். சமையலுக்குப் போகலாம், தச்சு வேலைக்குப் போகலாம், ஆனால் சீருடையும் உறுதிமொழியும் உண்டு என்றார். அதற்கு வசீல் ஒப்ப மாட்டான் என்று எங்களுக்குத் தெரியும்.

ஹன்னாவால் மேற்கொண்டு பேச முடியவில்லை. நான் பேசினேன். வசீல் கோழை இல்லை, குண்டு விழும்போது அவன் மாடிப்படியில் நின்று ஜன்னல் அடைத்துக்கொண்டிருந்தான், நான் கூட இருந்தேன் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரியின் முகம் மாறியது. ஹன்னா என் கையைத் தொட்டாள். அப்போதுதான் கவனித்தேன். பதற்றத்தில் நான் முழுக்க ரஷ்ய மொழியில் பேசியிருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“அவரைச் சண்டையிலிருந்து விட்டுவிடும்படி கேட்கிறீர்கள். எந்த மொழியில் கேட்கிறீர்கள் என்று பார்த்தீர்களா?”

மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லும் எனக்கு முதலில் ரஷ்ய மொழியில்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்ததும் ஹன்னா, பரவாயில்லை, இதனால் ஒன்றும் மாறியிருக்காது என்றாள். அவள் என்னைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

வசீல் சீருடையை வாங்க மறுத்தான். வழக்கு எழுதி, விசாரணை வரை வீட்டில் இருக்கலாம் என்று அனுப்பினார்கள். சில மாதங்கள் அப்படிப் போயின. அவன் வழக்கம்போலப் பலகையோடு கிளம்பினான். ஆனால் தெருவில் செய்தி பரவிவிட்டது. ஒரு நாள் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் நான்காவது மாடிக்குப் போனோம். கதவைத் திறந்த பெண்ணின் மகன் முந்தைய கோடையில் களத்தில் இறந்தவன். படம் கூடத்தில் மாட்டியிருந்தது. அவள் வசீலைப் பார்த்து, நீ உள்ளே வராதே என்றாள். என்னைப் பார்த்து, நீங்கள் வரலாம், நீங்கள் விருந்தாளி என்றாள்.

வசீல் வாசலைத் தாண்டவில்லை. மாடிப்படியில் நின்றபடி பலகையை அளந்து அறுத்து, ஒவ்வொன்றாக வாசலில் வைத்தான். நான் உள்ளே எடுத்துப் போய் அடித்தேன். எனக்கு ஆணி நேராக இறங்காது. கதவுக்கு வெளியிலிருந்து அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான், இடதுபக்கம் கொஞ்சம் தூக்கு, மூலையிலிருந்து ஆரம்பி என்று. கோணல் மாணலாக அடித்து முடித்தேன். அந்தத் தாய் எனக்குத் தேநீர் கொடுத்தாள். அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அவள் மகன் இறந்தது எனக்காகவும்தான். என் நண்பன் வெளியே நிற்பது என்னுடைய கொள்கைக்காகவும்தான். நான் மட்டும் உள்ளே கதகதப்பாக இருந்தேன்.

5

நீதிமன்றத்தில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது வசீலின் வழக்கறிஞர். இந்த மனிதரின் நம்பிக்கை நேற்றுப் பிறந்ததில்லை என்று நான் சொல்ல வேண்டும். இந்த முறை ஒக்சானா எனக்கு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எல்லாவற்றையும் உக்ரைன் மொழியில் தவறில்லாமல் சொன்னேன். வசீல் முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

அரசு வழக்கறிஞர் ஒரு நடுவயதுப் பெண். எழுந்து, நீங்களும் அவருடைய கருத்து உடையவர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சைரன் ஊதும்போது எங்கே போவீர்கள் என்றார். வீட்டில் இருந்தால் கீழே நிலவறைக்கு என்றேன். உங்கள் குடும்பத்தில் யாராவது படையில் இருக்கிறார்களா என்று அடுத்துக் கேட்டார். மகள் என்றேன்.

“அப்படியானால் உங்களை யார் பாதுகாப்பது?”

இதற்கு ஒக்சானா சொல்லிக்கொடுத்த வாக்கியம் எதுவும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று உறுதி சொல்லியிருந்தேன்.

“மகள்தான்” என்றேன்.

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வசீலுக்கு மூன்று வருடம் விதித்தார்கள். சட்டப்படி குறைந்தபட்சம் அதுதான், உன் சாட்சியால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அவன் வழக்கறிஞர் பிறகு சொன்னார். அழைத்துப் போகும்போது வசீல் என் பக்கம் நின்று, நீ உண்மையைத்தான் சொன்னாய் என்று தோளைத் தட்டினான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு அது அடிபோல விழுந்தது.

அதற்குப் பிறகு நான் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. சிறை வெகு தூரம், ரயில் நேரம் சரியில்லை, குடிநீர் நிலையத்தில் ஆள் குறைவு என்று ஹன்னாவிடம் காரணங்கள் சொன்னேன். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை.

6

தை மாதம் ஊருக்கு வந்தேன். அண்ணன் மகனுக்குக் கல்யாணம். போலந்து எல்லைவரை பேருந்து, அங்கிருந்து விமானம். எல்லையில் பேருந்திலிருந்த ஆண்களை ஒவ்வொருவராக இறக்கி விசாரித்தார்கள். என் முறை வந்தபோது அட்டையைப் பார்த்துவிட்டு நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றார்கள்.

ஊரில் சம்பா அறுவடை. எங்கோ குண்டு விழும் சத்தம் கேட்கிறது என்று முதல் நாள் தூக்கம் வராமல் கிடந்தேன். அறுவடை இயந்திரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள், நான் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இப்போதைய தலைமை ஆசிரியர் என்னோடு படித்தவர். போர்க்களத்தின் நடுவே அகிம்சை என்று பலகையில் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள். எனக்கு எதைப் பேசுவது என்று தெரியவில்லை. வசீலைப் பற்றிப் பேசினேன். சந்தை, வேன், சீருடை, மாடிப்படி, நீதிமன்றம் எல்லாம் சொன்னேன். நீதிமன்றத்தில் என்னிடம் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். முடித்ததும் நீண்ட கைதட்டல். சால்வை கொண்டு வந்து என் தோளில் போர்த்தினார்கள். வசீலின் கதைக்கு வந்த கைதட்டலை நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சால்வையைப் போர்த்தியவர்களுக்கு இப்போது சொல்கிறேன். தவறு உங்களுடையதில்லை. நான் கதையைச் சொன்ன விதம் அப்படி.

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் கொள்முதல் நிலையத்தில் அவன் நெல் காத்துக் கிடந்தது. ஈரப்பதம் கூடுதல், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தார்ப்பாயில் நெல்லைப் பரப்பிவிட்டு வெயிலில் இரண்டு பேரும் காவலுக்கு உட்கார்ந்தோம். அண்ணனுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. திருச்சி ஜெயிலில் இளமையைக் கழித்துவிட்டு வந்து, அரைக் காணியில் ஆரம்பித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவன். வெட்டியதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டான்.

“அந்த ஆள யாரு போய்ப் பாக்குறா?”

“அவரு சம்சாரம் போவுது.”

“நீ?”

நான் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிட்டேன். அவன் காத்திருந்தான்.

“போனா என்ன பேசுறதுன்னு தெரியலண்ணே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்குறது?”

“உன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா” என்றான் அண்ணன். குரலில் கடுமை இல்லை. “அப்பா மாசாமாசம் திருச்சிக்கு வரும். கம்பிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, எந்த வயல்ல நடவு முடிஞ்சிது, வாய்க்கால்ல தண்ணி வந்துச்சான்னு சொல்லும். அவ்வளவுதான். நான் செஞ்சதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. நான் ஒரு ஆளக் கொன்னுட்டு உள்ள போனவன். எனக்கே அது வந்துச்சு. இவரு கொல்ல மாட்டேன்னு உள்ள போயிருக்காரு. நீ மேடையில ஏறி அவரப் பத்திப் பேசுற.”

பிறகு எழுந்து மறுபக்கம் போய் நெல்லைத் திருப்பிவிட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் எழுந்து இந்தப் பக்கத்திலிருந்து திருப்பினேன். அண்ணி சாப்பாடு கொண்டுவரும் வரைக்கும் திருப்பிக்கொண்டிருந்தோம்.

இங்கேயே இருந்துவிடு என்று வேறு எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மட்டும் சொல்லவில்லை. மன்னார்குடிப் பேருந்து நிறுத்தம்வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

7

திரும்பி வந்ததும் சிறைக்கு விண்ணப்பம் போட்டேன். அனுமதி வர நேரம் பிடித்தது. ஹன்னா அந்த மாதத்துத் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து மலர் சில நாள் விடுப்பில் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். பகலெல்லாம் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ரயிலில் போக வேண்டாம், காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வசீலுடைய வழக்கில் அவள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை தொலைபேசியில், அவர் போருக்கு வெளியே இருப்பதற்கு என்னோடு இருக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் வருவேன் என்றது ஆச்சரியமாக இருந்தது. காரணம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

சீருடையிலேயே வந்தாள். வயல்களுக்கு நடுவே நீண்ட சாலை. பனி கரைந்து கறுப்பு மண் தெரிந்தது. வழியெல்லாம் வசீலிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் சொன்னதுபோல, எந்தக் கட்டடத்தில் ஜன்னல் அடைத்தாயிற்று, எங்கே பாக்கி என்று மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். தெருக்களை வரிசைப்படுத்தி மனதில் வைத்துக்கொண்டேன்.

சிறை வாசலில் ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். காவலர் மலரின் சீருடையைப் பார்த்ததும் எழுந்தார். படையில் இருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், ஆனால் ஒரு கைதியைப் பார்க்க ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, நான் முதலில் போகட்டுமா? ஐந்து நிமிடம்.”

நீ எதற்கு என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். சரி என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து தெருக்களின் வரிசையை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழிந்தது. எனக்குப் பிறகு வந்த ஒரு பெண் உள்ளே போய்த் திரும்பி வந்துவிட்டாள். காவலரிடம் போய்க் கேட்டேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவர் கதவைப் பாதி திறந்தபோது உள்ளே கண்ணாடித் தடுப்பு தெரிந்தது. மலர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். வசீல் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். மிகவும் இளைத்திருந்தான். என்னை அவன் பார்க்கவில்லை. அவளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கதவு மூடியது.

அவள் வெளியே வந்தபோது சந்திப்பு நேரம் முடிந்திருந்தது. காவலர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

காரில் ஏறிய பிறகு மலர் உடனே வண்டியை எடுக்கவில்லை. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா, உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டேன் என்றாள். பரவாயில்லை என்றேன். சாலைக்கு வந்து வெகுதூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள்.

“தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன்.”

எல்லாவற்றையும் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் அவளிடம் நான் கேட்காத எல்லாம் அதில் இருக்கும். இந்தப் போரில் அவள் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறாள். வசீல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவர்களால் பேசிக்கொள்ள முடிந்தது. நான் வெளியே பெஞ்சில் தெருப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இப்போதாவது அவளிடம் கேட்டிருக்க வேண்டும். உனக்குத் தூக்கம் வருகிறதா மலர் என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

“என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா?”

கேட்ட அந்த நொடியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது. மலர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்லப்பா” என்று தமிழில் சொன்னாள்.